இருநூற்று ஒன்பதும் இருபத்து நான்கும்

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஆம்புலன்ஸ்காரர் அவள் கணவனின் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இருநூற்று ஒன்பது. ஏழு முப்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரியில் கை நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை இருபத்து நான்கு. நடுவே ஓடியது இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் நூற்று எண்பத்தைந்து எங்கே போயிற்று?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வார்டுக்கு வெளியே இருந்த நீள பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே அவள் ஒரு கோடு போட்டாள். பிறகு அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு. எந்த இன்சுலினும் இருபத்திரண்டு நிமிடத்தில் அவ்வளவு இறக்காது. அப்படியானால் இரண்டில் ஒன்று பொய். எது, ஏன் என்பதுதான் மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

பிடிபடாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தராசுப் பட்டறையில் வேலை. மளிகைக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, பிறந்த குழந்தையை நிறுக்கும் தொட்டில் தராசு, லாரியோடு ஏறி நிற்கும் எடைமேடை, எல்லாவற்றையும் படிக்கல் வைத்துச் சோதித்து முத்திரை குத்துவாள். எது அரைக்கோடு சாய்ந்திருந்தாலும் பொறுக்கமாட்டாள். டீக்கடைக்குப் போனால்கூட ஆடும் மேசைக்காலுக்குக் கீழே எதையாவது மடித்து அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவாள். அதனால் பட்டறையில் அவளுக்கு ‘ரசமட்டம்’ என்று பேர். மட்டம் பார்க்கும் கருவியின் கண்ணாடிக்குள் நிற்கும் குமிழி நடுவில் வந்தால்தான் அவள் மனமும் நடுவில் வரும் என்பார்கள்.

அவள் கணவன் லாரி டிரைவர். எடைமேடையில்தான் சந்தித்தார்கள். “லாரி எடைய மட்டும்தான் பாப்பீங்களா? உள்ள ஒரு ஆள் ஒக்காந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?” என்று ஜன்னல் வழியே கேட்டவன். “ஆளோட சேத்துத்தான் எடை. கீழ எறங்குங்க, கழிச்சுடறேன்” என்று அவள் சொன்னாள். அதற்கடுத்த வாரம் தேவையே இல்லாமல் வெறும் லாரியை எடை போட வந்தான்.

நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, இருந்தபடியே பதினாலு மணி நேர ஓட்டம். முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. சர்க்கரை நோய் பெரிய குழாய்களை அவசரப்பட்டுத் தொடுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் எங்கே அதிகமோ அங்கேதான் முதலில் கைவைக்கும். கண்ணின் பின்திரை, கால்விரல் நுனி, சிறுநீரகத்தின் வடிகட்டி. டிரைவருக்கும் அதே வரிசைதான். எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் பூப்பூவாக விரிகிறது என்றான், லைசென்ஸ் போயிற்று. ஷூ கடித்த புண் ஆறாமல் இடதுகாலில் இரண்டு விரல் போயிற்று. பதினோராவது வருடத்தில் சிறுநீரகம் போயிற்று. வண்டியில் ஏறாமல் மூன்று வருடம் ஆகியும் தெருவில் அவனுக்குப் பேர் டிரைவர்தான்.

டயாலிசிஸுக்கு மெஷின் தேடிப் போக வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார்கள். இந்த முறையைக் கேட்டவுடன் அவளுக்குப் பிடித்துப்போனது. நம் குடலைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் பொடிப்பொடி இரத்தக் குழாய்கள் நிறைய. வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் மருந்து நீரை விட்டு நாலைந்து மணி நேரம் வைத்திருந்தால், இரத்தத்தில் இருக்கும் கழிவு அந்தச் சவ்வின் வழியே கசிந்து நீருக்குள் வரும். நீரில் சர்க்கரை கலந்திருப்பதால், உடம்பில் தேங்கிய தண்ணீரையும் அது இழுத்துக்கொள்ளும். பிறகு வடித்துவிட்டுப் புதுப் பை. சவ்வையே சல்லடை ஆக்கியது யார் மூளையோ என்று அவள் வியந்தாள். டிரைவருக்கு அது இன்னும் சுலபமாகப் புரிந்தது.

“ரேடியேட்டர் தண்ணி மாத்தறது. இதுக்கு எதுக்குடி இவ்ளோ விளக்கம்?”

ஒரு வருடம் அப்படியே ஓடியது. பிறகு சவ்வு களைத்துப்போனது. சர்க்கரை நீரிலேயே நாளெல்லாம் ஊறினால் அதுவும்தான் என்ன செய்யும்? தண்ணீரை முன்போல் இழுக்கவில்லை. அவன் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா, இரவில் ஊற்றும் பையை மட்டும் மாற்றிக் கொடுத்தார். நர்ஸ் நன்றாகத்தான் விளக்கினாள். “இதுல இருக்கறது வேற மாதிரி சர்க்கரை. மூலக்கூறு பெருசு. சட்டுனு ரத்தத்துல ஏறாது. தண்ணி நல்லா எடுக்கும், சுகரும் ஏறாது.”

சொன்னதில் ஒன்று அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்து, அவன் தன் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தான். மற்றது நடக்கவில்லை. ஏறாது என்ற சர்க்கரை ஏறியது. காலையில் நூற்று நாற்பது காட்டிய மீட்டர் நூற்றுத் தொண்ணூறு காட்டியது. பிறகு இருநூற்று முப்பது. சர்க்கரைக்குப் பார்ப்பது வேறு கட்டடத்தில் வேறு டாக்டர். அவர் நோட்டைப் பார்த்து, பதினாலு யூனிட்டாக இருந்த இன்சுலினைப் பதினெட்டாக்கினார். மறுபடி நோட்டைப் பார்த்து இருபத்து நாலாக்கினார்.

இன்சுலின் ஏற ஏற ஆள் மோசமானான். காலையில் சட்டை நனைய வேர்க்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விடுவான். அற்பத்துக்கெல்லாம் கத்துவான். ஒருநாள் சட்டையைப் பின்புறம் முன்புறமாகப் போட்டுக்கொண்டு, “எவன்டா பட்டனைத் திருடினது?” என்று வீட்டையே கலக்கிவிட்டான். சிரித்தார்கள். மாதாந்திர இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எழுபத்தொன்று என்று வந்தது. அதே காலை வீட்டு மீட்டர் நூற்று எண்பத்தெட்டு. பரிசோதனைக் கூடத்து ஆளிடம் கேட்டாள். “எடுத்த ரத்தம் ரொம்ப நேரம் கெடந்தா அதுல உள்ள அணுக்களே சர்க்கரையத் தின்னுடும்மா. கொறைச்சுத்தான் காட்டும்” என்றார். அது உண்மையும்கூட. சாவி உண்மையானதுதான், இந்தக் கதவுக்கு உரியதல்ல. அவள் அதோடு விட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் அவன் அக்காவும் இருந்தாள். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்தவள். ஆறு மணிக்கு அவள்தான் முதலில் பார்த்தாள்.

“இந்தா, இங்க வா. தம்பி எப்படி வேர்த்துக் கெடக்கான் பாரு. கை ஜில்லுன்னு இருக்கு. சக்கரை எறங்கிடுச்சு. ரெண்டு ஸ்பூன் சக்கரை கரைச்சு எடுத்துட்டு வா.”

“இருங்க அண்ணி, பாத்துடறேன்.” விரலைக் குத்தினாள். மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். “இருநூத்தி இருபத்தாறு. எறங்கல, ஏறியிருக்கு. இதுல சக்கரை வேற குடுத்தா?”

“மூஞ்சியப் பாரு. மிஷினப் பாக்காத.”

“மூஞ்சியில நம்பர் எழுதியிருக்கா அண்ணி?”

“எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வேர்க்கும். எனக்குத் தெரியாதா? மிஷின் உத்தரவு குடுத்தாத்தான் என் தம்பிக்கு வேர்க்கணுமா?”

டிரைவர் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தான். நாக்குத் தடித்திருந்தது. “பிரேக்... பிரேக் புடிக்கல” என்றான்.

அவள் ஆறரைக்கு இருபத்து நாலு யூனிட் போட்டாள். அதுவரை நடந்த பத்தொன்பது வருடத்தில் கண்ணுக்கும் தராசுக்கும் சண்டை வந்தபோதெல்லாம் தராசுதான் ஜெயித்திருக்கிறது. அந்தப் பழக்கம்தான் ஊசியைப் பிடித்த கையை நடத்தியது. ஆறு ஐம்பத்தைந்துக்கு அவன் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ்காரர் நல்ல மனிதர், வேகமானவர். தன் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துப் பார்த்தார். “இருநூத்தி ஒம்போது. சுகர் கொறையல. பக்கவாதமா இருக்கும்போல” என்றார். அதனால் வழியில் குளுக்கோஸ் ஏற்றவில்லை. அவர் மேல் என்ன தப்பு? அவளும் அதைத்தானே செய்தாள்?

ஆஸ்பத்திரியில் சர்க்கரை இருபத்து நாலு என்று வந்ததும் ஓடிவந்து குளுக்கோஸை ஏற்றினார்கள். இழுப்பு நின்றது. மூளைக்கு விறகு சர்க்கரை மட்டும்தான். மற்ற உறுப்புகள் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும். மூளைக்கு அந்த வித்தை அவ்வளவாக வராது. எவ்வளவு நேரம் விறகில்லாமல் கிடந்ததோ அவ்வளவுக்கு அது அணைந்துபோகும். டிரைவர் சாயங்காலம் கண் திறந்தான். அவளைப் பார்த்து, “கிளீனர், பின்டயர்ல காத்து பாத்தியா?” என்றான். முதலில் கேலி என்று நினைத்துச் சிரிக்கப் போனாள். கேலி இல்லை.

வார்டு டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். இளைஞர், களைத்த கண்கள்.

“எத்தனை யூனிட் போட்டீங்க?”

“இருபத்து நாலு.”

“நல்லா ஞாபகம் இருக்கா? அவசரத்துல நாப்பது அம்பது போயிருக்கலாம். வீட்ல நடக்கறதுதான். யாரும் கேஸ் போடப் போறதில்ல, உண்மையச் சொல்லுங்க.”

“சார், நான் மில்லிகிராம் பாத்து முத்திரை குத்தறவ.”

“அதான் சொல்றேன். நல்லா தெரிஞ்சவங்கதான் பாக்காமப் போடுவாங்க.”

இந்தப் பேச்சு பெஞ்சில் இருந்த நாத்தனார் காதிலும் விழுந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

“செவ்வாக்கிழம நேரா எங்க வீட்டுக்குத்தான் போறான்.”

“பை மாத்த அங்க யாருக்குத் தெரியும் அண்ணி?”

“கத்துக்கறேன். சாகடிக்காம பாத்துக்கறதுக்குப் பெரிய படிப்பு ஒண்ணும் வேண்டாம்.”

அவளுக்கு ரோஷம் வராமல் இல்லை. ஆனால் அவளுக்கு வேறொன்று தெரிந்தது. இந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக்குப் போனாலும் அவனோடு அதே பையும் அதே மீட்டரும் போகும். காரணம் தெரியாதவரை யார் கையில் ஊசி இருந்தாலும் இன்னொரு வெள்ளிக்கிழமை வரும். அவளுக்கு இருப்பது இரண்டு நாள்.

சந்தேகம் வந்தால் ஒரு தராசை அதைக்கொண்டே சோதிக்கக் கூடாது. பட்டறையில் முதல் பாடம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தாள். மீட்டரோடு வந்த சோதனைத் திரவத்தை விட்டுப் பார்த்தாள். அளவு தெரிந்த சர்க்கரை கரைத்த நீர் அது, படிக்கல் மாதிரி. நூற்றுப் பத்துக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே காட்ட வேண்டும். நூற்று இருபத்து நாலு காட்டியது. மீட்டர் நல்ல பிள்ளை. வார்டில் நர்ஸிடம் வேறு கம்பெனி மீட்டர் ஒன்று இருந்தது. கெஞ்சிக் கேட்டு, தன் விரலை இரண்டிலும் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து.

“அண்ணி, உங்க விரலைக் குடுங்க.”

“எதுக்கு? என்னையும் படுக்க வைக்கவா?”

“இதுவும் தப்பாக் காட்டுச்சுன்னா மீட்டர் மேல குத்தம். சரியாக் காட்டுச்சுன்னா என் மேல. ரெண்டுல எது வந்தாலும் உங்களுக்கு லாபந்தானே?”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினாள். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினைந்து. இரண்டும் சரி. பிறகு டிரைவரின் விரல். நர்ஸின் மீட்டர் தொண்ணூற்றிரண்டு. அவளுடையது நூற்று எண்பத்தொன்று.

“உங்க மீட்டர் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்றாள் நர்ஸ், வெகு சுலபமாக.

எதிரே மருந்துக்கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தாள், அதே கம்பெனி, புதுப் பெட்டி, இரத்தத் துளியை வைத்து மீட்டரில் செருகும் பட்டைகளும் புதிது. நூற்று எழுபத்தெட்டு. ஆம்புலன்ஸ்காரர் வைத்திருந்ததும் இதே மாதிரி நீலப் பெட்டிதான் என்பது நினைவுக்கு வந்தது. மூன்று மீட்டரும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? கெட்டுப்போன மீட்டர் அவளுக்கும் நாத்தனாருக்கும் மட்டும் எப்படிச் சரியாகக் காட்டும்? எல்லோருக்கும் உண்மை சொல்லிவிட்டு ஒருவனுக்கு மட்டும் பொய் சொல்லும் தராசை அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை பட்டறையிலிருந்து போன் வந்தது. திருகாணிக்கடைக்காரர் கூப்பாடு போடுகிறார், முத்திரை குத்தியது நீதான், அரைநாள் வந்துவிட்டுப் போ என்றார் முதலாளி. நாத்தனாரைக் காவல் வைத்துவிட்டுப் போனாள்.

திருகாணிக்கடையில் இருப்பது எண்ணும் தராசு. ஐந்நூறு திருகாணியைக் கையால் எண்ண யாருக்குப் பொறுமை? பத்துத் திருகாணியை மட்டும் எண்ணித் தட்டில் வைத்தால், ஒன்றின் எடை என்ன என்று அது தெரிந்துகொள்ளும். பிறகு கொட்டியதின் எடையை அதால் வகுத்து, இத்தனை என்று எண்ணிக்கையைக் காட்டும்.

“ஐநூறுன்னு காட்டுதும்மா. மேசை செய்யறவர் போய் எண்ணிட்டு, நாப்பது கொறையுதுன்னு என் தலைய உருட்டறார். நாலாவது தடவை. உன் முத்திரை எல்லாம் சும்மா மூஞ்சிக்குப் பவுடரா?” என்றார் கடைக்காரர்.

“பவுடர் போட்டா வேர்வையில அழிஞ்சுடும். இது அழியாது, இருங்க.”

படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. மட்டம் பார்த்தாள், குமிழி நடுவில். பிறகு ஐந்நூறு திருகாணி கொட்டச் சொல்லி, தட்டையே கவிழ்த்து மேசைமேல் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அரைமணி நேரத்தில் இரண்டு குவியலாயிற்று. பெரியது நானூற்று அறுபது. சின்னது நாற்பது. நிறம் ஒன்று, நீளம் ஒன்று, எடையும் அநேகமாக ஒன்று. மரை மட்டும் வேறு. மேல்தட்டுப் பெட்டியிலிருந்து சிந்திக் கலந்திருக்கின்றன. மேசைக்காரருக்கு அந்த நாற்பதும் பொருந்தாது. தூக்கிப் போட்டுவிட்டு, குறைகிறது என்கிறார்.

“அப்ப தராசு தப்பா எண்ணலையா?”

“தராசு எண்ணவே இல்லைங்க. அதுக்குத் திருகாணின்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எடை மட்டும். அதே எடையில எது வந்து தட்டுல ஒக்காந்தாலும் அதையும் திருகாணின்னு...”

வாக்கியம் பாதியில் நின்றது. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். மீட்டர் நூற்று எண்பத்தொன்று என்றால், நூற்று எண்பத்தொன்றுக்கு ஏதோ ஒன்று அந்த இரத்தத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சர்க்கரைதான் என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்? பட்டையில் தடவிய மருந்து சர்க்கரையைப் பிடித்து, துளி மின்சாரம் கிளப்புகிறது. மீட்டர் அளப்பது அந்த மின்சாரத்தை. வேறெதுவோ வந்து அதே மருந்தில் ஒட்டி அதே மின்சாரத்தைக் கிளப்பினால்? அவள் இரத்தத்தில் இல்லாதது, நாத்தனார் இரத்தத்தில் இல்லாதது, அவன் இரத்தத்தில் மட்டும் இருப்பது என்ன?

‘இதுல இருக்கறது வேற மாதிரி சர்க்கரை.’

படிக்கற்களைப் பெட்டியில் அடுக்கக்கூட இல்லை. கடைக்காரரையே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

புதுப் பைகள் அறை மூலையில் அட்டைப்பெட்டியில் இருந்தன. பையின்மேல் எழுதியிருந்ததைப் படித்தாள்: பெயர், அளவு, காலாவதித் தேதி, விவரத்துக்கு உள்ளே இருக்கும் தாளைப் பார்க்கவும். உள்ளே தாள் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தாள், இல்லை. ஒவ்வொரு பெட்டியோடும் வருவதில்லை, முதல் பெட்டியோடு மட்டும் கொடுத்தார்கள் என்பது நினைவு வந்தது. அந்தத் தாளை எங்கே வைத்தோம்?

பையைத் தொங்கவிடும் ஸ்டாண்டை அப்போதுதான் பார்த்தாள். பழையது, மூன்று காலில் ஒன்று குட்டை. புதுப் பெட்டி வந்த அன்றைக்கு அது ஆடுவதைப் பொறுக்காமல், கையில் அகப்பட்ட காகிதத்தை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அண்டக் கொடுத்தது அவள்தான். மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்ததைக் கணவனைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தாள். “பொண்டாட்டியக் கட்டிக்கிட்டா இப்படிக் கட்டிக்கணும், தூக்கு மாட்டிக்கிட்டாலும் நேராத் தொங்குவோம்” என்று அவன் சொன்னான்.

மண்டியிட்டு, ஸ்டாண்டைத் தூக்கி, காகிதத்தை உருவினாள். நடுவில் கால் பதிந்து வட்டமாக ஓர் அழுத்தம். விரித்தாள். தராசுக் கோடுகளைப் படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். மூன்றாவது பத்தியில், கறுப்புக் கட்டத்துக்குள், தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு மீட்டர்ப் பட்டையின் தாளைத் தேடி எடுத்தாள். அதில் பதினாலாவது குறிப்பாக, எறும்பு ஊர்ந்ததுபோல் அதே விஷயம். தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா அன்றுதான் விடுப்பு முடிந்து வந்திருந்தார். எட்டு மடிப்பு விழுந்த தாளை அவர்முன் விரித்தாள். பின்னாலேயே நாத்தனாரும் வந்து நின்றாள். டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். புதுப் பை தொடங்கிய தேதியில் விரல் நின்றது.

“இந்தப் பையில இருக்கற சர்க்கரை ஒரு மணிமாலை மாதிரிம்மா. ஆயிரக்கணக்கான மணி கோத்தது. கொஞ்சம் ரத்தத்துக்குள்ள போய் அறுந்து, ரெண்டு ரெண்டு மணியா சுத்திக்கிட்டு இருக்கும். ஒடம்பு எரிக்கிற சர்க்கரை ஒத்தை மணி. உங்க பட்டைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டையும் சேத்து எண்ணிடும்.” அவர் நிமிர்ந்தார். “இந்த மீட்டர் கூடாதுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“வாயால சொன்னதா ஞாபகம் இல்லைங்க. காகிதம் குடுத்தாங்க. நான் அதை ஸ்டாண்டுக்கு அண்டக் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா எதையும் மறுக்கவில்லை. “வாயாலயும் சொல்லியிருக்கணும். சுகர் டாக்டருக்கும் நாங்க எழுதியிருக்கணும்” என்றார். அந்தக் குரலில் சமாதானம் எதுவும் இல்லை.

“போனது திரும்புமா?”

“கொஞ்சம் திரும்பலாம். நிறைய எதிர்பாக்காதீங்க.”

வராந்தாவில் நாத்தனார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அப்ப அவனுக்கு வேர்த்தது?”

“நெசம் அண்ணி.”

“நான் சக்கரை கரைச்சுக் குடுன்னு சொன்னது?”

“அதுதான் சரி. குடுத்திருந்தா இன்னைக்கு என்னை யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நாத்தனார் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு, “செவ்வாக்கிழம உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போ. நானும் வரேன்” என்றாள். “ஆனா எனக்குப் புரியற மாதிரி எழுதி ஒட்டு. பொடி எழுத்துல எழுதாத.”

செவ்வாய்க்கிழமை புறப்படுமுன் அவள் கடைசியாக ஒரு சோதனை செய்தாள். பச்சைப் பெட்டிப் பட்டை வேறு மருந்து தடவியது, ஒற்றை மணியை மட்டும் பிடிப்பது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. அவன் விரலில் அது எண்பத்தெட்டு காட்டியது. அதே நிமிடம் எடுத்து, கையோடு பரிசோதனைக் கூடத்துக்கு ஓட்டமாகக் கொண்டுபோன இரத்தத்தில் எண்பத்தைந்து. இன்சுலினைப் பத்து யூனிட்டாகக் குறைத்திருந்தார்கள். நீலப் பெட்டிகள் இரண்டையும் நர்ஸின் மேசையில் வைத்து, ஏன் என்று விளக்கிவிட்டு வந்தாள். ஆம்புலன்ஸ் அறைக்கும் போய் அதே விளக்கத்தை இன்னொரு முறை சொன்னாள். ஏழு பத்துக்கு வந்தவர் அங்கே இருந்தார். கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் டிரைவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவன் கூரையைப் பார்த்து, “லோடு எறக்கியாச்சா?” என்று கேட்டான். “எறக்கியாச்சு” என்றாள். “பில்லுல கையெழுத்து வாங்கு, கிளீனர்” என்றான். சரி என்றாள்.

ஸ்டாண்டின் குட்டைக் காலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்தாள். ரசமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. பிறகு பட்டறையில் விலைப்பட்டியல் எழுதும் தடித்த பேனாவால் அட்டையில் எழுதி, ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிட்டாள். இன்னொரு பிரதியை நாத்தனார் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாவதைப் பொடியாக எழுதி, ஆம்புலன்ஸ்காரர் கண்ணில் படும்படி அவன் மணிக்கட்டில் கட்டினாள்.

அட்டையில் இருந்தது இது:

இரவுப் பையின் சர்க்கரை, நீலப் பெட்டிப் பட்டையில் இரத்தச் சர்க்கரைபோலக் காட்டும். அதில் பார்க்கக் கூடாது. இரவுப் பையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை பார்க்கக் கூடாது. பச்சைப் பெட்டி மட்டும். வேறு எங்கே போனாலும், யார் மீட்டரை எடுத்தாலும், முதலில் பையைப் பற்றிச் சொல்லி, நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்.

வேர்த்தால், கை ஜில்லிட்டால், உளறினால், மீட்டரைத் தேடாதே. விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து உடனே கொடு. விழுங்க முடியாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதே, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு குளுக்கோஸ் ஏற்றச் சொல். எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.